மாதிரி ஓட்டுநர் சம்மதிக்கிறார்

முதுகுவலியில் யாரும் சாவதில்லை என்று எங்கள் போக்குவரத்து வாரியத்து டாக்டர் அடித்துச் சொல்வார். படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என் மச்சான் அந்த விவரம் தெரியாமல் செத்துப்போய்விட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நான் இப்போது ஓட்டும் பேருந்தை எனக்கு முன்னால் ஓட்டியவர். அந்த வண்டியில் கியர் தண்டு பின்னால் தள்ளி இருக்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இடுப்பை இடது பக்கம் முறுக்க வேண்டும். முறுக்கி முறுக்கி இருக்கையும் இடது பக்கம் குழிந்துபோனது, மச்சானும் இடது பக்கம் சாய்ந்துபோனார். வருடாந்திர உடற்தகுதிச் சோதனையில் டாக்டர் அவரிடம் அன்பாக, "எங்கயாவது வலி இருக்கா? தயங்காம சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மச்சான் வெள்ளந்தி, தயங்காமல் சொல்லிவிட்டார். வைத்தியம் என்று நாலு நாள் கட்டிலில் கிடத்திவிட்டு, வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இயக்குநரைப் பார்த்து முறையிடலாம் என்று போனார். இயக்குநர் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். மச்சானால் படி ஏற முடியவில்லை. யாராவது இறங்கி வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று முதல் படியில் உட்கார்ந்தார். எல்லா அதிகாரிகளும் லிஃப்டில் இறங்கிப் போனார்கள். அலுவலகத்தைப் பூட்டும்போது காவலாளி அவரை எழுப்பி விட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டு முன்னறைப் பெஞ்சுதான் அவர் உலகம். உட்காரும்போதெல்லாம் ஒரு மூச்சு விடுவார். ‘ஹ்ம்’ என்று தொடங்கி, நடுவில் எதிலோ இடறினாற்போல நின்று, பிறகு நீளமாக இறங்கும் மூச்சு. அடுப்படியிலிருந்து என் மனைவி, "என்ன அண்ணே?" என்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்பார். சாயங்காலம் அவர் சட்டையைத் தூக்கி முதுகில் தைலம் தேய்த்துவிடுவாள். தேய்த்து முடித்ததும் சட்டையை இழுத்துவிட்டு மேலே இரண்டு தட்டுத் தட்டுவாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் "என்ன அண்ணே?" என்று கேட்க வேண்டிய வேலை அவளுக்கு இல்லாமல் போயிற்று.

அவர் வண்டியை என்னிடம் கொடுத்தார்கள். அவர் குழியில் நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் எனக்கும் இடுப்பின் இடது பக்கத்தில் ஊசி குத்த ஆரம்பித்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. அதாவது, நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயம்.

இந்த நேரத்தில்தான் வாரியத்துக்கு எங்கள் முதுகின் மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பணிமனை முற்றத்தில் எங்களை வெயிலில் நிற்கவைத்து, பந்தல் போட்ட மேடையில் உட்கார்ந்தபடி இயக்குநர் பேசினார்.

"இதுவரைக்கும் உங்க சீட்டை யார் வடிவமைச்சா? அதுல உட்காராதவங்க. இனிமே அப்படி இல்ல. உட்கார்றவன் சொல்லணும், நாங்க செய்யணும். தொழிலாளி வாயைத் திறக்கட்டும். நாங்க காதைத் திறந்து வெச்சிருக்கோம்."

கைதட்டினோம். பக்கத்தில் நின்ற நெட்டை, அவனும் ஓட்டுநர்தான், என் காதருகே குனிந்தான். பாதிக்கு மேல் குனிய முடியாமல் அங்கேயே நின்றபடி, "அவங்க காதைத் திறந்தா நமக்கு கேட்டை மூடிடுவாங்கடா" என்றான்.

ஓட்டுநர்களின் வலியை மனம்விட்டுக் கேட்டறியும் முகாம் என்று பலகை வைத்தார்கள். முகாம் நடந்தது டாக்டரின் அறையில். கேட்டது அதே டாக்டர். அதே மேசை. மேசையின் ஓரத்தில் மச்சானுக்குக் குத்திய அதே முத்திரை, மை காயாமல் இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் விடாமல் அதைப் பார்த்தோம்.

நெட்டை கதவுக்கு வெளியே என் தோளைப் பிடித்துக்கொண்டு, வளைந்த கம்பியை நிமிர்த்துவது போலத் தன்னை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உள்ளே போனான். வெளியே வந்ததும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"என்னடா சொன்ன?"

"வலியா, அப்படின்னா என்னன்னு கேட்டேன்."

அடுத்தது நான். "எங்கயாவது வலி இருக்கா? தயங்காம சொல்லுங்க" என்றார் டாக்டர். மச்சானிடம் கேட்ட அதே அன்பு. "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றேன். குனிந்து காட்டச் சொன்னார். குனிந்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. "சிரிச்ச முகமா இருக்கீங்க" என்று பாராட்டி அனுப்பினார்.

முகாமின் முடிவில் வாரியத்தில் எந்த ஓட்டுநருக்கும் முதுகுவலி இல்லை என்று தெரியவந்தது. இந்தத் திட்டத்துக்காக வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து வந்திருந்தார்கள். சின்ன வயது, நல்ல பையன். அவன் குழம்பிப்போய் எங்கள் முன்னாலேயே இயக்குநரிடம் கேட்டான்.

"சார், யாருக்குமே வலி இல்லைங்கறாங்க. அப்போ புது சீட் எதுக்கு?"

இயக்குநர் அவன் தோளில் கை போட்டார். "இதுதான் தம்பி நம்ம திட்டத்தோட முதல் வெற்றி. சீட் வர்றதுக்கு முன்னாடியே வலி போயிடுச்சு."

அடுத்து அளவெடுத்தார்கள். தலை, தோள், தொடை, முழங்கால் என்று நாடா வைத்து அளந்து தள்ளினார்கள். இத்தனை பேரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள் என்று, எல்லாருடைய அளவையும் கூட்டி வகுத்து ஒரே ஆளாகச் செய்துவிடுவது என்று முடிவானது. மாதிரி ஓட்டுநர் என்று அதற்குப் பெயர். அதுதான் இனி எங்கள் பிரதிநிதி.

கூட்டி வகுத்த அளவு என் உடம்புக்கு அச்சாகப் பொருந்தியது. ஆலோசகன் சந்தோஷமாக என் கையைக் குலுக்கினான். "நீங்கதான் சார் கிட்டத்தட்ட எல்லாரும்" என்றான். எனக்கு ஏதாவது பெரிய பொறுப்பு வரப்போகிறது என்று நெட்டை என்னைக் கிண்டல் செய்தான். வந்தது. மாதிரி ஓட்டுநரை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பொறுப்பு.

மாதிரி ஓட்டுநர் ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். ரப்பர் தோல், உள்ளே பஞ்சு, மூட்டுக்கு மூட்டு இரும்பு. எங்கள் சீருடையே போட்டிருந்தார்கள். முகத்தில் கண் இருந்தது, காது இருந்தது. வாய் இல்லை. கண்ணாடியைப் பார்க்கக் கண் வேண்டும், ஹார்னைக் கேட்கக் காது வேண்டும், வண்டி ஓட்ட வாய் எதற்கு என்று தனிக் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்களாம். கனம் என்றால் அப்படி ஒரு கனம்.

லிஃப்டுக்குக் கொண்டுபோனேன். லிஃப்ட்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"பொருள் ஏத்தக் கூடாது."

"பொருள் இல்லீங்க. தொழிலாளர் பிரதிநிதி."

"தொழிலாளியா? அப்போ படியில போங்க."

வேறு வழியில்லாமல் அதை முதல் படியில் உட்காரவைத்தேன். திரும்பி முதுகைக் கொடுத்து, அதன் இரண்டு கையையும் என் கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். எழும்போது இடுப்பில் சுரீர் என்றது. அந்தப் படியில் இதற்கு முன் யார் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கூட்ட அறையில் அதற்கு வெல்வெட் நாற்காலி. எனக்குச் சுவர். "உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்தான்" என்றார் இயக்குநர். "ஆனா ரெண்டு தொழிலாளி உட்கார்ந்தா சமநிலை கெட்டுடும், பாருங்க." பார்த்தேன். அவர் பக்கம் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமநிலை நன்றாகவே இருந்தது.

மாதிரி ஓட்டுநரை நாற்காலியில் இறக்கினேன். பஞ்சுக்குள் இருந்த காற்று தையல் வழியாக வெளியேறியது.

ஹ்ம்... நடுவில் ஓர் இடறல். பிறகு நீளமாக இறங்கியது.

அந்த மூச்சை நான் தினமும் என் வீட்டுப் பெஞ்சில் கேட்டிருக்கிறேன். சுற்றிலும் பார்த்தேன். அதிகாரிகள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதும் கிளார்க் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"சார், பிரதிநிதி ஏதோ சொன்னார். என்னன்னு போட?"

இயக்குநர் யோசித்தார். "ம்-னு தானே சொன்னார்? சம்மதம்னு போடுங்க."

அன்று என்னென்னவோ தீர்மானம் போட்டார்கள். எழுந்து நின்று பேசுகிற அதிகாரி மறுபடி உட்காரும்போது, நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று மாதிரி ஓட்டுநரை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் மூச்சு வரும். வந்தால் கிளார்க் எழுதுவார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், முகத்தைப் பார்த்தே பிடுங்கிவிட்டாள். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அண்ணனா?"

"அண்ணன்னு யார் சொன்னா? மூச்சு அப்படி இருக்குன்னேன்."

"அவர் எதுக்கு அங்க வரணும்? உயிரோட இருந்தப்போ அந்த மாடியில யாரும் அவரை ஏத்தலையே." மறுபடி அரிசியைக் களைந்தாள். "நீங்க தூக்கிட்டுப் போனீங்களா?"

"ஆமா."

"பார்த்துத் தூக்குங்க. இடது பக்கம் கையைக் கொடுத்தா அவருக்கு வலிக்கும்."

அடுத்த முறை வலது பக்கம் கையைக் கொடுத்துத்தான் தூக்கினேன்.

கூட்டங்கள் வாராவாரம் நடந்தன. முதல் கூட்டத்தில் இருக்கைக்கு நீலமா பச்சையா என்று பேசினார்கள். அடுத்ததில் தைப்பதற்கு நூல் என்ன நிறம் என்று பேசினார்கள். ஒரு கூட்டத்தில் ஆலோசகன் தைரியமாக, கியர் தண்டை முன்னால் தள்ளி வைத்தால் நல்லதில்லையா என்று கேட்டுவிட்டான். இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"தம்பி, கியரைத் தள்ளணும்னா இன்ஜினைத் தள்ளணும். இன்ஜினைத் தள்ளணும்னா வண்டியை மாத்தணும். வண்டியை மாத்தறதுக்கு இது வண்டிக் குழு இல்ல, முதுகுக் குழு. நம்ம வரம்புக்குள்ள எதை மாத்த முடியும்? முதுகை. நான் எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். எனக்கு வலிச்சிருக்கா? ஏன் வலிக்கல? மனசு. உட்கார்றது முதுகு இல்ல தம்பி, மனசுதான்."

மேசையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். மாதிரி ஓட்டுநர் ஆட்டவில்லை. யாரும் தொடாமலே மெதுவாக இடது பக்கம் சாய்ந்தார். நிமிர்த்தி வைத்தேன். மறுபடி சாய்ந்தார். ஒவ்வொரு முறையும் அதே பக்கம். இதைக் குழு மிகுந்த அக்கறையோடு கவனித்தது. தொழிலாளி இருக்கையை விட்டு விலகப் பார்க்கிறார், அதனால்தான் பிரச்சினை என்று டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். இருக்கையில் ஒரு பட்டை வைத்து, உட்கார்ந்தவரை அசையாமல் குழியோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. நிமிர்வுப் பட்டை என்று பெயர். கிளார்க் வழக்கம்போலப் பிரதிநிதியைத் தட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டார்.

படியேறுவதுதான் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலேயே கருக்கலாக இருக்கும். அந்த இடம் வந்ததும் முதுகிலிருக்கும் சுமை கூடும். என் தோளில் அதன் தாடை. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் அதுவும் வாங்கும். ஒருநாள் அங்கே கால் இடறியபோது, "மெதுவா மாப்ளே" என்று காதுக்குள் கேட்டது. மச்சான் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நின்றேன். திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினாலும் அது என் முதுகில்தான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் சிரமமில்லாமல் மேலே போகும் சத்தம் மட்டும் கேட்டது. "வந்தாச்சு மச்சான், இன்னும் ஒரு மாடிதான்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். சொன்ன பிறகு நடை கொஞ்சம் சுலபமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

புது இருக்கை தயாரானதும் ஓட்டுநர் குடும்பங்கள் வந்து பார்க்கலாம் என்று ஒரு பிற்பகலை ஒதுக்கினார்கள். கீழ்த்தளக் கூடத்தில் ரிப்பன் கட்டிய மேடை, மேடைமேல் இருக்கை, இருக்கையில் மாதிரி ஓட்டுநர். மனைவிமார்கள் வரிசையில் வந்து பார்த்து, ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் மனைவி முன்னால் நிற்கவில்லை. நேராகப் பின்னால் போனாள். மாதிரி ஓட்டுநரை முன்னால் சாய்த்து, சீருடைச் சட்டையைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். கழுத்திலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள், தைலம் தேய்க்கிற அதே தினுசில். இடுப்புக்கு மேலே, இடது பக்கம், கை நின்றது. கொஞ்சம் மேலே போய்த் திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றது.

"இது அண்ணன் முதுகு" என்றாள்.

டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். கெட்ட மனிதர் இல்லை, சிரித்துக்கொண்டே விளக்கினார். "அதுவாம்மா? கை கால் எல்லாம் அளவுப்படி செஞ்சாச்சு. முதுகுக்கு வரும்போது ஒதுக்கின பணம் தீர்ந்துபோச்சு. நம்ம ஸ்டோர்ல ஒரு பழைய மாவுக்கட்டு அச்சு கிடந்தது. யாரோ ஒரு டிரைவருக்கு இடுப்புப் பட்டை செய்யறதுக்காக முதுகுல கட்டி எடுத்தது. பட்டை செய்யறதுக்குள்ள அவர் வேலையில இல்ல. அச்சு வீணாப் போக வேணாம்னு நான்தான் யோசனை சொன்னேன்."

"அந்த அச்சுக்கு நாலு நாள் கட்டிலோட கிடந்தார்" என்றாள் என் மனைவி.

"அப்படியா? ரொம்ப நல்லா விழுந்திருக்கு." ஆலோசகனும் ஆர்வமாக வந்து சேர்ந்துகொண்டான். "அதுமேல வெச்சுத்தான் மேடம் சீட்டோட குழியை எடுத்தோம். மயிரிழை பிசகல. இனிமே எல்லா வண்டியிலயும் இதே குழிதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சட்டையை இழுத்துவிட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். மூச்சு வந்தது. பழக்கதோஷத்தில் கிளார்க் பேனாவை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "உங்களுக்கும் வலிக்குது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? உட்காரும்போது மூச்சைப் பிடிச்சுக்கறீங்க."

நான் செருப்பை ஓரமாக வைத்தேன்.

"சொல்லிடுங்க. நாளைக்குக் கடைசிக் கூட்டம்னீங்களே, அங்கயே சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். இன்னொரு முதுகைத் தேய்க்க எனக்குத் தெம்பு இல்ல."

மறுநாள் மச்சானை, இனி அப்படித்தான் சொல்ல வேண்டும், மாடிக்குத் தூக்கிப் போனேன். இருட்டுத் திருப்பத்தில் கொஞ்சம் நின்றேன். காதில் எதுவும் கேட்கவில்லை. அவரும் என்ன செய்யப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

புது இருக்கையை அறைக்கு நடுவில் போட்டிருந்தார்கள். எதிரே சால்வை, பூங்கொத்து, கேமராக்காரர். மச்சானை இருக்கையில் வைத்துப் பட்டையை மாட்டினேன். அவர் குழியில் அவர் கச்சிதமாகப் பொருந்தினார். அன்றைக்கு மட்டும் மூச்சு வரவில்லை. இயக்குநர் எழுந்தார்.

"இருக்கைத் தீர்மானத்தை நிறைவேத்தறதுக்கு முன்னால, தொழிலாளர் தரப்பு கடைசியா ஏதும் சொல்ல விரும்புதா? தயங்காம சொல்லலாம்."

டாக்டர் முன்னால் அந்த முத்திரை இருந்தது, கூட்டத்துக்குக்கூட எடுத்து வந்திருந்தார். மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

"வலிக்குது சார்" என்றேன்.

கிளார்க்கின் பேனா கீழே விழுந்தது. இயக்குநர் மெதுவாகத் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, மாதிரி ஓட்டுநரைப் பார்த்தார்.

"எங்க வலிக்குது?" என்று அதனிடம் கேட்டார்.

எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். நான் அதற்குப் பின்னால் சுவரோடு நின்றேன். இத்தனை மாதமும் அங்கேதான் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தால், அது நாற்காலியில் இருப்பவரின் குரலாகத்தான் இருக்க முடியும்.

"சார், சொன்னது நான்" என்றேன்.

"நான்னு தெளிவா சொல்றார் பாருங்க" என்றார் இயக்குநர் டாக்டரிடம்.

"எனக்குத்தான் சார் வலிக்குது. இடுப்புக்கு மேல, இடது பக்கம். கால் வரைக்கும் இழுக்குது. வண்டியில ஏறினா இறங்க முடியல." அழுதுவிட்டேன் என்றே சொல்லலாம். "என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

டாக்டர் எழுந்து போய் மாதிரி ஓட்டுநரின் இடது இடுப்பை விரலால் அழுத்தினார். ஹ்ம் என்றது. தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வந்து, முத்திரையை எடுத்து, ஊதி, குத்தினார். வாகனம் ஓட்டத் தகுதியற்றவர்.

"வருத்தமா இருக்கு" என்றார் இயக்குநர். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "மனசு விட்டுப் பேசினார். பேசினவரை நாம கைவிட மாட்டோம். அவருக்கு சால்வை போடுங்க. போட்டுட்டு உடனே இறக்கிடுங்க, தகுதி இல்லாதவர் இங்க உட்காரக் கூடாது."

சால்வை போட்டு, படம் எடுத்து, பட்டையைக் கழற்றி அவரைத் தரையில் கிடத்தினார்கள். இப்போது பிரதிநிதி இல்லாமல் கூட்டம் செல்லாது என்று கிளார்க் விதியைச் சொன்னார். எல்லாரும் விழித்தார்கள். ஆலோசகனுக்குத்தான் யோசனை வந்தது. முதல்முறையாக அந்த அறையில் எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியது.

"இவர் அளவு அப்படியே பொருந்தும் சார்."

"நல்லது. உட்காருங்க" என்றார் இயக்குநர். "பேச வேண்டாம், உட்கார்ந்தா போதும்."

இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். குழி என்னை வாங்கிக்கொண்டது. ஆலோசகன் குனிந்து பட்டையை இழுத்தான், ஒரு துளை, இன்னொரு துளை. மச்சானின் முதுகு கீழிருந்து வந்து என் முதுகுக்குள் நுழைந்ததுபோல ஒரு வலி. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். இத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்துவிட்டது. நடுவில் இடறி, நீளமாக இறங்கியது.

கிளார்க் பேனாவைப் பொறுக்கிக்கொண்டு எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தார். மாதிரி ஓட்டுநர் சம்மதிக்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து மச்சானைக் கீழே இறக்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டேன். வாரியத்தின் சொத்து, கழிக்க உத்தரவு வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் காவலாளி. சால்வையோடு முதல் படியில் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன ஆச்சு?"

"வேலை போச்சு."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "போனா போகுது விடுங்க. நான் பார்த்துக்கறேன்."

"எனக்குப் போகல" என்றேன். "அண்ணனுக்கு. மறுபடியும்."

கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருடத்து உடற்தகுதிச் சோதனைக்குப் போனபோது, வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். "உங்களைப் பார்க்கவே வேண்டியதில்ல. சீட்டே உங்க முதுகுக்குச் செஞ்சது" என்று சொல்லி, பார்க்காமலே தகுதி என்று எழுதிவிட்டார். வலிக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ரசித்துச் சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புது இருக்கை எல்லா வண்டிக்கும் வந்துவிட்டது. காலையில் பணிமனையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் ஏறுவார்கள், உட்காருவார்கள், பட்டையை இழுத்து மாட்டுவார்கள். முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை அதே மூச்சு, ஒவ்வொன்றாக வரும். நெட்டையின் வண்டியிலிருந்தும் வரும். இயக்குநர் சில நாள் ஜன்னலைத் திறந்துவைத்து அதைக் கேட்பாராம். தொழிலாளர் ஒத்துழைப்பைக் காதால் கேட்கும் பாக்கியம் வேறு எந்த வாரியத்துக்கு உண்டு என்று வருகிறவர்களிடம் சொல்வாராம்.

தெம்பு இல்லை என்றவள்தான் தினமும் தைலம் தேய்க்கிறாள். நேற்றுச் சாயங்காலம் தேய்த்துக்கொண்டே வந்த கை, இடுப்புக்கு மேலே இடது பக்கம் நின்றது. மேலே போய்த் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடி நின்றது. சட்டையை இழுத்துவிட்டு மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

நான் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தேன். மூச்சு தானாக வந்தது.

"என்ன அண்ணே?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

கேட்டுவிட்டு அவளும் அப்படியே நின்றுவிட்டாள் என்று தெரிந்தது. கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பதில் வராவிட்டால் பயந்துபோவாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.